உழவாரம் தொண்டு, களையெடுப்பு கூலி: ஒரே வேலைக்கு இரண்டு வரலாறு

காட்டூரிலிருந்து திருவெறும்பூர் மலைக்கோயிலுக்குப் பேருந்தில் சில நிறுத்தங்கள்தான். அது அப்பர் பாடிய தலம். எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் நாயன்மார் வரிசையில் அப்பரை எளிதில் அடையாளம் காணலாம். மழித்த தலை, கூப்பிய கை, தோளில் சாய்த்த ஒரு நீண்ட கருவி. அந்தக் கருவிக்கு உழவாரம் என்று பெயர். கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கி எறிவதற்கான கருவி அது.

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பரின் அடையாளமாக அந்தக் கருவி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப் பணிக் குழுக்கள் கோயில்களுக்கு வருகின்றன. படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் குனிந்து புல் பிடுங்குகிறார்கள். யாரும் அதை இழிவான வேலை என்று சொல்வதில்லை. அது தொண்டு, புண்ணியம்.

அதே கோயில் மலைமேல் நின்று பார்த்தால் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நஞ்சை தெரிந்திருக்கும். அந்த வயல்களிலும் ஆட்கள் குனிந்து புல் பிடுங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அவர்கள் செய்ததை யாரும் தொண்டு என்று சொல்லவில்லை. யாருடைய தோளிலும் அவர்கள் நினைவாக ஒரு கருவி செதுக்கப்படவில்லை. அவர்கள் விளைவித்த நெல் கோயில் மடப்பள்ளிக்குள் போனது, அவர்களுக்கு வாசலுக்கு உள்ளே இடமில்லை. 1939-ல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்து, 1947-ல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்த பிறகுதான் சட்டப்படி அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்தது.

அப்பரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. பெரியபுராணம் அவரை வேளாளர் என்கிறது. அந்தப் பிறப்புள்ள ஒருவர் உடலுழைப்பை வழிபாடாக ஏற்றது அந்தக் காலத்தில் பெரிய செயல்தான். என் கேள்வி வேறு. ஒரே வேலை, குனிகிறவரின் பிறப்பைப் பொறுத்து ஏன் இரண்டு மதிப்பைப் பெறுகிறது? சாதி வேலையைப் பங்கிடுவதோடு நிற்காமல் வேலை செய்கிற மனிதர்களையே படிப்படியாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் விளக்கினார். களையெடுப்பு அதற்கு நம் ஊர்ப் பாடம்.

தண்ணீர் கொண்டு வந்தவர் பெயர் தெரியும்

காவிரி வரலாற்றைப் பள்ளிப் பாடத்தில் எப்படிப் படித்தோம்? கல்லணை என்றால் கரிகாலன். உய்யக்கொண்டான் வாய்க்கால் என்றால் ராஜராஜன், அவன் பட்டப்பெயரே வாய்க்காலுக்குப் பெயரானது. முக்கொம்பு மேலணை என்றால் 1836-ல் கட்டிய ஆர்தர் காட்டன். மேட்டூர் அணை 1934. தண்ணீருக்கு எப்போதும் ஒரு பெயர் உண்டு.

ஆனால் தண்ணீர் மட்டும் வந்தால் நெல் விளையாது. தண்ணீரும் வெயிலும் உள்ள இடத்தில் முதலில் விளைவது களைதான். நாற்று நட்ட பதினைந்து இருபது நாளில் முதல் களை, முப்பத்தைந்து நாற்பது நாளில் இரண்டாம் களை எடுக்க வேண்டும். இந்த நாட்களைத் தவறவிட்டால் குதிரைவாலிப் புல்லும் கோரையும் உரத்தையும் வெளிச்சத்தையும் எடுத்துக்கொண்டு பயிரை அமுக்கிவிடும். சேதம் பாதி விளைச்சலுக்கு மேல்கூடப் போகும். தேங்கி நிற்கும் நீர் பல களைகளை முளைக்கவிடாது. ஆகவே வாய்க்காலில் தண்ணீர் குறைந்த வருடத்தில் களை அதிகம். கடைமடையில் முறைத் தண்ணீர் பொய்த்தால் அந்தச் சுமை நேராகக் களையெடுப்பவளின் முதுகில் இறங்கும்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று நகரத்தில் வளர்ந்த தோழர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மானாவாரி நிலத்திலும் தோட்டத்திலும் களைக்கொட்டு உண்டு. சேற்று வயலில் கருவி கைதான். கணுக்கால் சேற்றில் வரிசையாக நின்று, இடுப்பை மடித்து, இரண்டு கையாலும் பயிரை விலக்கிக் களையை வேரோடு பிடுங்கி, கொத்தாகச் சுருட்டி வரப்பில் எறிய வேண்டும், அல்லது காலால் சேற்றுக்குள் மிதிக்க வேண்டும். மாலைக்குள் கால் விரல் இடுக்குகள் வெந்து போகும். அதற்குச் சேற்றுப்புண் என்று பெயர். நம் பாட்டிகளில் பலருக்கு அந்தத் தழும்பு உண்டு.

1819: ஒரு கலெக்டரின் கணக்கு

இந்த வேலையைச் செய்தவர்களின் எண்ணிக்கை ஒரு அரசு ஆவணத்தில் தற்செயலாகப் பதிவாகியிருக்கிறது. 1819-ல் சென்னை வருவாய் வாரியம் ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரிடமும் அங்குள்ள அடிமைமுறை பற்றிக் கேட்டது. திருச்சிராப்பள்ளி கலெக்டர் சி.எம். லஷிங்டன் பதில் அனுப்பினார். நன்செய் வட்டங்களில் பள்ளர் அடிமைகள் ஏறத்தாழ 10,000 பேர், புன்செய் வட்டங்களில் ஏறத்தாழ 600 பேர் என்பது அவர் தந்த கணக்கு. (ஆவணத்தில் உள்ள சாதிப் பெயரையே இங்கே எழுதுகிறேன். இன்று அந்தச் சமூகத்துக்கு அரசு ஏற்ற பெயர் தேவேந்திரகுல வேளாளர்.)

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மாவட்டம், ஒரே சமூகம். வாய்க்கால் பாய்ந்த இடத்தில் பத்தாயிரம், பாயாத இடத்தில் அறுநூறு. அடிமைத்தனம் ஏதோ பழைய வழக்கமாகத் தானே ஒட்டிக்கொண்டிருந்தது என்றால் இந்த வேறுபாடு ஏன்? நன்செய் நெல்லுக்கு நடவும் களையும் அறுப்பும் குறித்த நாளில், பல கைகளால், ஒரே நேரத்தில் முடிய வேண்டும். அந்த நாளில் ஆள் வராவிட்டால் நிலம் இருந்தும் பயனில்லை. ஆள் நிச்சயம் வருவதற்கு நிலவுடைமையாளர் கண்ட வழி, ஆளையே உடைமையாக்குவது. திருச்சி, தஞ்சை நெல் வளத்துக்கும் அடிமைமுறைக்கும் உள்ள உறவு இதுதான். வளம் மிகுந்த இடத்தில்தான் தளை இறுகியது.

1843-ல் வந்த ஐந்தாம் சட்டம் அடிமை உடைமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. 1862-ல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமையை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. பெயர் மாறியது. அடிமை என்ற சொல் போய்ப் பண்ணையாள் என்ற சொல் வந்தது. விலைக்குப் பதில் கடன். கணவன் பண்ணையாள் என்றால் மனைவியும் பிள்ளைகளும் சேர்த்தே. களை நாளில் அவளை அழைக்கத் தனி ஒப்பந்தம் தேவைப்படவில்லை.

ஒரே இரவில் முடிந்த வேலை

அந்தக் காலகட்டத்தில்தான் நந்தனார் கதையும் புது வடிவம் எடுத்தது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் நந்தனாருக்குப் பண்ணையார் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய நந்தனார் சரித்திரத்தில்தான் வேதியர் என்ற நிலவுடைமையாளர் வருகிறார். சிதம்பரம் போக விடை கேட்கும் நந்தனுக்கு அவர் போடும் நிபந்தனை, நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ என்பது. ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். கதையில் சிவனருளால் ஒரே இரவில் எல்லாம் முடிகிறது.

பக்தர்கள் அங்கே அற்புதத்தைப் பார்க்கிறார்கள். நாம் வேறொன்றைப் பார்க்க வேண்டும். நாற்பது வேலி என்றால் சுமார் 270 ஏக்கர். அதை உழுது, நட்டு, இருமுறை களையெடுத்து, அறுக்க எத்தனை நூறு பேர், எத்தனை ஆயிரம் ஆள்நாள் வேண்டும்? அந்தக் கதாசிரியருக்கு அது தெரிந்திருக்கிறது. அது மனிதரால் முடியாத வேலை என்று தெரிந்ததால்தான் அதை நிபந்தனையாக வைத்தார். ஆனால் அந்த ஆயிரம் ஆள்நாளைத் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கதைக்குள் வரவில்லை. அவர்கள் செய்தால் சாதாரணம், பூதகணம் செய்தால் அற்புதம்.

‘திறனற்ற வேலை’ என்ற பொய்

களையெடுப்பு இலகுவான வேலை, யாரும் செய்யலாம், ஆகவே கூலி குறைவு. இந்த வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இளம் குதிரைவாலிப் புல்லையும் இளம் நெற்பயிரையும் பக்கத்தில் வைத்தால் புதியவருக்கு வேறுபாடு தெரியாது. தாவரவியல் புத்தகம் சொல்லும் அடையாளம் இது: நெல்லில் இலை தண்டோடு சேரும் இடத்தில் நாக்கு போன்ற மெல்லிய சவ்வும், காது போன்ற சிறு மடலும் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் இரண்டும் இருக்காது. கல்லூரியில் ஆய்வகத்தில் லென்ஸ் வைத்துப் பார்க்கும் இந்த வேறுபாட்டை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் குனிந்த நிலையில், நகர்ந்துகொண்டே, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை கண்டுபிடிக்கிறாள். தவறினால் பயிர் போகும். இதைத் திறனற்ற வேலை என்று வகைப்படுத்தியவர் வயலில் இறங்காதவராகத்தான் இருக்க முடியும்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். நிலவுடைமையாளருக்குக் களையாகத் தெரிவதில் பாதி அவளுக்கு உணவும் மருந்தும். ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி எல்லாம் வயலிலும் வரப்பிலும் வளரும் களைகள். மடியில் கட்டி வந்த கீரைதான் பல வீடுகளில் இரவுக் குழம்பு. புல்லுக்கட்டு மாட்டுக்கு. எது பயிர், எது களை என்பதைச் செடி சொல்வதில்லை, நிலத்தின் சொந்தக்காரர் சொல்கிறார்.

இந்தப் பெண்களின் உழைப்பைக் கல்வித்துறை தாமதமாகத்தான் பார்த்தது. ஆந்த்ரே பெத்தேல் 1961-62-ல் தஞ்சை மாவட்டத்தில் ‘ஸ்ரீபுரம்’ என்று பெயரிட்ட கிராமத்தில் ஆய்வு செய்தார். சமூகவியல் படிக்கும் எவரும் அந்த நூலைத் தவிர்க்க முடியாது. அவர் அக்ரகாரத்தில் தங்கினார். அங்கே தங்கியவர் ஆதிதிராவிடர் தெருவுக்குள் சாதாரணமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஆய்வாளர் எந்தத் தெருவில் படுத்துறங்குகிறார் என்பதைப் பொறுத்து யாருடைய வரலாறு எழுதப்படும் என்பது முடிவாகிவிடுகிறது.

1982-ல் ஜோன் மென்ச்சரும் கே. சாரதாமணியும் நெல் விவசாயத்தில் பெண்கள் உழைப்பைப் பற்றி எழுதிய கட்டுரைக்குத் தலைப்பிலேயே சேற்றுக் காலையும் அழுக்குக் கையையும் வைத்தார்கள். அதன் பிறகு கரின் கபாடியா, கொள்ளிடத்துக்கு வடக்கே நம் லால்குடி வட்டத்தில், ‘அருளூர்’ என்று பெயரிட்ட ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1995-ல் நூலாக வந்தது. பள்ளர் பெண்கள் குழுவாக நடவுக்கும் களைக்கும் போவதையும், ஆணை விடக் குறைந்த கூலி பெறுவதையும், அந்தக் குறைந்த கூலியில்தான் குடும்பத்தின் சோறு பெருமளவு நிற்பதையும் அவர் விரிவாக எழுதினார். காட்டூரிலிருந்து இரண்டு ஆறுகளைத் தாண்டினால் அந்த ஊர்ப் பக்கம். திருச்சியில் சமூகவியலும் சமூகப் பணியும் படிக்கும் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்.

சட்டங்கள் எங்கே நின்றன

பண்ணையாள்கள் சும்மா இருக்கவில்லை. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றோர் வழிநடத்திய விவசாயிகள் சங்கம் கீழத்தஞ்சையில் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக நின்றது. அந்த அழுத்தத்தில் 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிராசுதார்கள் பலர் என்ன செய்தார்கள்? பண்ணையாள் என்ற உறவையே முறித்து, அதே ஆட்களை அன்றாடக் கூலிகளாக்கினார்கள். பாதுகாப்பு யாருக்கு என்று சட்டம் சொன்னதோ அந்த ஆளே ஏட்டிலிருந்து மறைந்தார்.

1955-ல் குத்தகை விவசாயிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகைதாரர் என்று காட்ட முடிந்தவர்களுக்கு அது பெரிய பலம். கூலிக்குக் களையெடுத்தவளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. எத்தனை தலைமுறை ஒரே வயலில் குனிந்திருந்தாலும் அவளுக்கு அந்த மண்ணில் உரிமை பிறக்கவில்லை.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்ற ஊரில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973-ல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. இந்தப் படுகொலையைத் தொடர்ந்து கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டு, 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நியாயக் கூலி என்று பெயரிட்ட காலத்திலும் ஆண் கூலி ஒன்று, பெண் கூலி அதைவிடக் குறைவு என்ற வழக்கம் அசையவில்லை.

1976-ல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. இங்கேதான் நுட்பமான பொறி இருக்கிறது. உழவு ஆண் வேலை, களை பெண் வேலை என்று வயலை ஏற்கெனவே பிரித்துவிட்டார்கள். களையெடுக்கும் ஆணே வயலில் இல்லாதபோது அவள் தன் கூலியை யாருடைய கூலியோடு ஒப்பிட்டு வழக்குப் போடுவாள்? சாதி அவளை அந்த வேலையில் நிறுத்தியது, பால் பிரிவினை அந்த வேலையின் விலையைக் குறைத்தது. சட்டம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மணலில் கலந்த மருந்து

பிறகு களைக்கொல்லி வந்தது. புட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் போன்ற மருந்துகளை மணலில் கலந்து, நட்ட சில நாளில் வயலில் தூவினால் களை முளைப்பதே குறையும். பல பெண்கள் பல நாள் செய்ததை ஒரு ஆள் சில மணி நேரத்தில் முடிக்கிறார். அந்த ஒரு ஆள் பெரும்பாலும் ஆண். இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். குனிந்து முதுகு ஒடிவது குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. சேற்றுப்புண்ணைக் கலாச்சாரம் என்று கொண்டாட நமக்கு அவசியமில்லை. கேள்வி, மிச்சமான கூலி எங்கே போனது என்பது. அது நிலம் வைத்திருப்பவர் கணக்கில் சேர்ந்தது. வேலை போனவளுக்கு நிலம் வரவில்லை.

அவள் நூறு நாள் வேலைக்குப் போனாள். 2006-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம். தமிழ்நாட்டில் அதில் பெண்களே அதிகம். உடனே ஒரு புகார் எழுந்தது, இன்றும் டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் கேட்கிறது: நூறு நாள் வேலையால் களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, ஜனங்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள். 1819-ன் கேள்விதான் இது. களை நாளில் ஆள் நிச்சயம் வர வேண்டும், வராவிட்டால் குற்றம் ஆளுடையது. ஒரு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் கூலியை உயர்த்த வேண்டும் என்பது சந்தை விதி. தலித் பெண்ணின் விஷயத்தில் மட்டும் அந்த விதி சோம்பல் என்ற வசையாக மாறுகிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவள் தலைமுறையில் முதல்முறையாகக் கிடைத்தது. அந்த உரிமையைத்தான் அவர்கள் சோம்பல் என்கிறார்கள்.

நாம் எழுத வேண்டியது

வேறொரு பாதையும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். கீழ்வெண்மணிக்குப் பிறகு அந்த மண்ணிலேயே தங்கி வேலை செய்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார். அவரும் தலித் குடும்பத்தில் பிறந்தவர். நிலத்தை வாங்கி, நிலமற்ற பல ஆயிரம் குடும்பங்களுக்குப் பிரித்து, பட்டாவைப் பெண்கள் பெயரில் எழுத வைத்தார்கள். தன் பெயரில் உள்ள நிலத்தில் களையெடுப்பதும் அதே குனிதல்தான். ஆனால் அங்கே அவளைக் கூலிக்காரி என்று யாரும் கூப்பிட முடியாது. வேலைக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை அதில் இருக்கிறது. கோயிலில் உழவாரம் பிடிப்பவர் குனிந்துவிட்டு நிமிர்ந்து தன் வீட்டுக்கு, தன் சம்பளத்துக்கு, தன் நிலத்துக்குத் திரும்புகிறார். அவருக்குக் குனிவது தேர்வு. நம் பெண்களுக்கு அந்தத் தேர்வு இருக்கவில்லை.

சமூக விரோதிகளைக் களையெடுப்போம் என்று அரசியல்வாதியும் காவல்துறையும் பேசும்போது கைதட்டாதீர்கள். கொடியவரைத் தண்டிப்பதைக் களையெடுப்பதற்கு ஒப்பிடும் குறளே உண்டு, உவமை மிகப் பழையது. எது களை என்று முடிவு செய்கிறவர் யார் என்று முதலில் கேளுங்கள். சேரிகளை நகரத்தின் ஓரத்துக்குத் தூக்கி எறிந்தபோதும் இதே மொழியைத்தான் பேசினார்கள்.

காட்டூரில் இன்று வயல்கள் குறைந்துவிட்டன. 1960-களில் பெல் தொழிற்சாலை வந்தது, பிறகு மனைப்பிரிவுகள் வந்தன, 2011-ல் மாநகராட்சி எல்லை வந்தது. உய்யக்கொண்டான் ஓடுகிறது, அதன் கரையில் குனிந்தவர்களின் நினைவு வேகமாக மறைகிறது. இங்கே ஆதிதிராவிடர் நல மகளிர் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் பெண்களின் பாட்டிகளில் பலர் களைக்குப் போனவர்கள். தோழர்களே, குறிப்பாக மாணவர்களே, உங்கள் அடுத்த ஆய்வுத் தலைப்பை நூலகத்தில் தேடுவதற்கு முன் அந்தப் பாட்டிகளிடம் போங்கள். எந்த வயல், யாருடைய நிலம், முதல் களைக்கு எத்தனை பேர், கூலி நெல்லா காசா, எத்தனை மரக்கால், கைக்குழந்தையை எந்த மரத்தில் தூளி கட்டினீர்கள், கூலி உயர்த்திக் கேட்ட நாள் உண்டா, கேட்டபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். பதிலைப் பதிவு செய்து, அவர் விரும்பினால் அவர் பெயரோடு எழுதுங்கள்.

தண்ணீர் கொண்டு வந்தவர்களின் பெயர்கள் வாய்க்காலுக்கும் அணைக்கும் சூட்டப்பட்டுவிட்டன. களை பறித்தவர்களின் பெயர்களை நாம்தான் எழுத வேண்டும். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சில ஆண்டுகள்தான் நம்மோடு இருப்பார்கள்.